ஏழாம் பக்கத்து அடிக்குறிப்பு

1

இந்தக் கதை என் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி வந்திருந்தார். வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்குப் போனார். சுவரோடு ஒட்டி நின்ற ஃபிரிட்ஜை இரண்டு கையாலும் பிடித்து அரை அடி முன்னால் இழுத்தார். அதன் தலைமேல் நான் அடுக்கி வைத்திருந்த பழைய பத்திரிகைகளை எடுத்துத் தரையில் போட்டார். பிறகு அதன் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார், காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல.

“இதுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் குடுப்பா,” என்றார்.

அண்ணி அப்படிப்பட்டவர் இல்லை. இயந்திரங்களைப் பற்றி எழுதுவதுதான் அவர் வேலையே தவிர, அவற்றைத் தொட்டு நான் பார்த்ததில்லை. எப்போதிருந்து இந்தப் பழக்கம் என்று கேட்டேன். சொல்ல ஆரம்பித்தார். முடிப்பதற்குள் மதியமாகிவிட்டது.

“இதை நான் எழுதிக்கட்டுமா அண்ணி?”

“எழுது. ஆனா வெளியே குடுக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட காட்டணும். நீ கை வச்சா சும்மா விட மாட்டே.”

ஆகையால் நீங்கள் படிப்பது அவருடைய சிவப்புப் பேனா ஒருமுறை நடந்துபோன தாள். சில இடங்களில் தடம் அப்படியே இருக்கும்.

2

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள்.

“எப்போதும் குளிரடிக்கிற ஒரு மலை ஊரில், ஒரு பெட்டி மட்டும் சூட்டில் வெந்துகொண்டிருந்தது.” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த இடத்தில் அண்ணி அந்தப் பெட்டியைப் பார்க்கவே இல்லை. அவர் பார்க்காததை நான் முந்திக்கொண்டு பார்ப்பது சரியில்லை.

“பம்பு ஆபரேட்டர் வேலை நேரத்தில் கண்ணயர்ந்திருந்தபோது—”

இதை அண்ணி குறுக்கே ஒரே கோடாக அடித்துவிட்டார்.

“அவர் தூங்கினாருன்னு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல அண்ணி. கதைன்னா தப்பு பண்ண ஆள் ஒருத்தர் வேணுமே.”

“தப்பு பண்ண ஆள் இருக்கு. அது நான்தான். என்னைப் பத்தி எழுது.”

மூன்றாவது வரி சாதாரணமானது. அதோடுதான் போகப்போகிறேன்: ஒரு புதன்கிழமை காலை, மேனேஜர் அண்ணியின் மேசையில் ஒரு கடிதத்தை வைத்தார்.

3

அண்ணியின் கம்பெனி டிரைவ் என்ற பெட்டியைச் செய்கிறது. மோட்டாருக்கும் மின்சாரத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுற்றலாம் என்று தீர்மானிக்கிற பெட்டி அது. பெட்டியை எப்படி மாட்டுவது, எப்படி ஓட்டுவது, எதைச் செய்யக் கூடாது என்று அதனுடன் ஒரு கையேடு வரும். யாரும் படிக்காத அந்தப் புத்தகத்தைப் பதினாறு வருஷமாக எழுதி வருபவர் அண்ணி. இதுவரை பத்தொன்பது கையேடு. ஓடுகிற டிரைவை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அலுவலகம் ஒரு ஊரில், தொழிற்சாலை இன்னொரு ஊரில்.

கடிதம் ஒரு மலை ஊரின் குடிநீர் அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. சுருக்கமாக இதுதான்: “உங்கள் டிரைவை வாங்கி ஒரு வருஷமாகிறது. ஐம்பது என்ற முழு வேகத்தில் பம்பை ஓட்டச் சொல்லியிருக்கிறோம். எங்கள் ஆபரேட்டர் நாற்பத்தாறுக்கு மேல் ஓட்ட மறுக்கிறார். மேலே வைத்தால் பெட்டி சூடாகி நின்றுவிடுகிறதாம். வெளியே பதினாறு டிகிரி குளிர் இருக்கும் ஊரில் பெட்டி சூடாகிறது என்பதை எங்களால் நம்ப முடியவில்லை. அவர்மீது விசாரணை நடக்கிறது. பெட்டியில் குறை உண்டா, இல்லையா என்று எழுத்தில் தெரிவிக்கவும்.”

“குறை இல்ல, கையேட்டுப்படி ஓட்டலைன்னு ஒரு பக்கத்துல பதில் போட்டுடுங்க,” என்றார் மேனேஜர். “உங்களுக்குத்தான் வாசகம் நல்லா வரும்.”

அண்ணி பதில் எழுத உட்கார்ந்தார். எந்தப் பக்கத்தின்படி ஓட்டவில்லை என்று குறிப்பிட வேண்டுமே என்று கையேட்டைப் புரட்டினார். உயரமான இடங்களில் காற்று மெலிந்திருக்கும். விசிறி அதே வேகத்தில் ஊதினாலும் அந்தக் காற்று குறைந்த சூட்டைத்தான் எடுத்துப்போகும். ஆகவே பெட்டியிடம் முழு வேலை வாங்கக் கூடாது. தொழிலில் இதை டீரேட்டிங் என்பார்கள், திறனைக் குறைத்துக்கொள்வது. ஏழாம் பக்கத்தின் அடியில் அது மூன்று வரியில் இருந்தது அண்ணிக்கு நன்றாக நினைவிருந்தது.

ஏழாம் பக்கத்தில் அது இல்லை.

மூன்றாம் பதிப்பை எடுத்துப் பார்த்தார். அதில் இருந்தது: “ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேல், ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஒரு சதவீதம் குறைத்துக்கொள்ளவும்.” நான்காம் பதிப்பில் இல்லை. பழைய கோப்பை எடுத்தார். பக்கம் நிரம்பி வழிகிறது, மூன்று வரி குறைத்துத் தாருங்கள் என்று அச்சகத்திலிருந்து கேட்டிருந்தார்கள். யாரோ அடிக்குறிப்பைத் தூக்கிப் பின்னிணைப்பில் போட்டிருந்தார்கள். பிறகு யாரோ பின்னிணைப்பையே அச்சிலிருந்து எடுத்துவிட்டு, கம்பெனியின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளவும் என்று எழுதியிருந்தார்கள்.

இரண்டு இடத்திலும் யாரோவின் கையெழுத்து அண்ணியுடையது.

(இங்கே நான், “அவர் உள்ளங்கை வியர்த்தது” என்று எழுதியிருந்தேன். அண்ணியின் ஓரக்குறிப்பு: “வியர்க்கல. காப்பி குடிக்கப் போனேன். திரும்பி வந்து மறுபடி பாத்தேன். அப்பவும் என் கையெழுத்துதான்.”)

4

அண்ணியை மலைக்குக் கிளப்பியது குற்ற உணர்ச்சி என்றுதான் நான் நினைத்தேன். அதைப் பற்றி ஒரு பத்தி எழுதவும் செய்தேன். “மனசாட்சியின் முள் அவரை—” வேண்டாம், அந்த முள்ளை அங்கேயே விட்டுவிடுகிறேன். அவர் சொன்ன காரணம் வேறு.

“எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. அந்த மூணு வரி அவரு கையில இல்ல. அப்புறம் நாப்பத்தாறுன்னு அவருக்கு எப்படித் தெரிஞ்சுது? நாப்பதுன்னு வச்சிருக்கலாம். நாப்பத்தெட்டுன்னு வச்சிருக்கலாம். அந்த மூணு வரிய வச்சுக் கணக்குப் போட்டா ஏறக்குறைய அங்கதான் வருது. எப்படி வந்தாரு அங்க?”

மாதம் ஒருமுறை அந்தப் பக்கம் போகிற சர்வீஸ்காரரின் ஜீப்பில் தொற்றிக்கொண்டார். ஆறு மணி நேரப் பயணம். பதினெட்டு வளைவில் ஏழாவதிலேயே அண்ணிக்குக் குமட்ட ஆரம்பித்துவிட்டது. சர்வீஸ்காரர் வழியெல்லாம் அந்த ஆபரேட்டரைப் பற்றியே சொல்லி வந்தார். ஊரில் அவருக்கு இப்போது பெயரே ‘நாப்பத்தாறு’ தானாம். மேல்தெருவில் அறுபது வீடு. பம்பு மெதுவாக ஓடுவதால் மேல் தொட்டி நிறைவதில்லை; கீழ்த்தெருவுக்குத் தினமும் தண்ணீர், மேல்தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்.

“ஜனங்க சும்மா விடுவாங்களா? போற வர்றவங்கல்லாம் திட்டறாங்க. இதுல வேடிக்கை என்னன்னா, அவரு வீடே மேல்தெருவுலதான்.”

5

பம்பு அறை ஒரு சரிவின் அடியில் இருந்தது. தகரக் கூரை, ஒரே ஜன்னல். பனிமூட்டம் உள்ளே வந்து எதையும் நனைத்துவிடக் கூடாது என்பதற்காக டிரைவை ஒரு இரும்பு அலமாரிக்குள் வைத்து, கதவு ஓரமெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டி மூடியிருந்தார்கள். அண்ணி காதைக் கொடுத்துக் கேட்டார். “மெல்லிய ரீங்காரம் இயல்பானது” என்று பத்தொன்பது கையேட்டிலும் எழுதியவர் அவர். அது ரீங்காரம் இல்லை. பல் மருத்துவர் அடுத்த அறையில் யாருக்கோ பல் குடைவதுபோல இருந்தது.

ஆபரேட்டர் ஐம்பது வயதை நெருங்கியவர். ஸ்வெட்டருக்கு மேல் சட்டை போட்டிருந்தார். (“சட்டைக்கு மேல் ஸ்வெட்டர்” என்று நான் திருத்தினேன். அண்ணி அதைத் திரும்பத் திருத்தினார்.) கம்பெனியிலிருந்து வந்திருக்கிறார்கள் என்றதும் அவர் எழுந்து நின்று, பிளாஸ்டிக் உறையில் பத்திரமாகச் சுற்றியிருந்த ஒரு புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அண்ணியின் கையேடு, நான்காம் பதிப்பு. எல்லாப் பக்கத்திலும் பென்சில் கோடு.

யாரும் படிக்காத புத்தகத்தைப் படித்த ஒருவரை அண்ணி அன்றைக்குத்தான் பார்த்தார்.

“மூணு தடவ படிச்சேன் மேடம்,” என்றார் அவர். “வெயில் படாம வைக்கணும்னு போட்டிருக்கு, வச்சிருக்கேன். தூசி கூடாதுன்னு போட்டிருக்கு, துடைக்கிறேன். சுத்தி பத்து சென்டிமீட்டர் இடம் விடணும்னு போட்டிருக்கு, பதினஞ்சு விட்டிருக்கேன். இருந்தும் ஐம்பதுல வச்சா பதினோரு மணிக்கு நின்னுடுது. உங்க புத்தகத்துல இதுக்கு ஒண்ணுமே இல்ல.”

“கதவைத் திறந்து வச்சுப் பாத்தீங்களா?”

“பாத்தேன். முன்னாடி டேபிள் ஃபேன் கூட வச்சேன். ரெண்டு மணி நேரம் நல்லா ஓடுச்சு. அப்புறம் மூட்டம் எறங்கி உள்ள முத்து முத்தா தண்ணி. பயந்துபோய் மூடிட்டேன்.”

“அப்புறம் நாப்பத்தாறுக்கு எப்படி வந்தீங்க?”

அவர் சர்வீஸ்காரரை ஒருமுறை பார்த்தார். கேலி செய்யவா கேட்கிறார்கள் என்று சந்தேகம். அண்ணி பையிலிருந்து பேனாவையும் தாளையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் வாய் திறந்தார்.

“வீட்ல ஒருநாள் கிழங்கு வேக வச்சாங்க. தண்ணி தளதளன்னு கொதிக்குது, கிழங்கு கல்லு மாதிரி கிடக்கு. ‘இந்த ஊர் தண்ணிக்குச் சூடே ஏற மாட்டேங்குது, கொதிக்கற மாதிரி நடிக்குது’ன்னாங்க. மலைக்கு மேல காத்தோட அழுத்தம் கம்மி, அதனால சீக்கிரமே கொதிச்சிடும்னு நான் சொன்னேன். சொல்லிட்டுச் சாப்பிட உக்காந்தேன். ரெண்டு வாய்தான் சாப்பிட்டேன். காத்து கம்மின்னா, அப்ப என் ஃபேனும் நடிக்குதுதானே? சுத்துது, சத்தம் போடுது, காத்தும் வருது. ஆனா சூட்டை எடுத்துட்டுப் போக அந்தக் காத்துக்குத் தெம்பு இல்ல.”

அதன் பிறகு அலமாரிக்குள் ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டார். மணிக்கு ஒருமுறை எழுதினார். வாரத்துக்கு அரைப் புள்ளி வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். நாற்பத்தாறுக்கு வந்தபோது பெட்டி நிற்பது நின்றது. நின்ற பிறகும் எழுதுவதை விடவில்லை. போன மே மாதம் தொடங்கி, அண்ணி போன அந்த பிப்ரவரி வரை, பத்து மாதக் கணக்கு. நான்கு நோட்டு.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கேட்டவர் யாருமில்லாமல், பாராட்ட ஆளில்லாமல், பத்து மாதம் மணிக்கொரு தரம் ஒரு மனிதர் எழுதுவாரா? நம்பும்படியாக இல்லையே, மூன்று மாதம் என்று குறைத்துக்கொள்ளலாமா என்று அண்ணியிடம் கேட்டேன். “நீ கதை எழுதறியே, யாராவது கேட்டாங்களா?” என்றார்.)

6

இந்த இடத்தில்தான் அண்ணி பையைத் திறந்தார். மூன்றாம் பதிப்பின் ஏழாம் பக்கத்தைப் பிரதி எடுத்து வந்திருந்தார். உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று சொல்ல, நல்ல எண்ணத்தோடுதான் நீட்டினார்.

நான் எழுதிய முதல் பிரதியில் ஆபரேட்டரின் கண் கலங்குகிறது. இரண்டாம் பிரதியில் அவர் அண்ணியின் கையைப் பிடித்துக்கொள்கிறார். இரண்டும் நடக்கவில்லை.

அவர் மூன்று வரியையும் படித்தார். மறுபடி படித்தார். முகம் சுண்டிப்போயிற்று.

“இது முன்னாடியே எழுதியிருந்ததா?”

“ஆமா. நாலாம் பதிப்புல விட்டுப்போச்சு. இல்ல, விட்டுப்போகல. நான்தான் எடுத்தேன்.”

“அப்ப இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்.”

மேலதிகாரியின் திட்டு, தெருக்காரர்களின் ஏச்சு, நோட்டீஸ் எதுவும் ஆபரேட்டரை அசைத்ததாகத் தெரியவில்லை. உலகத்தில் தனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது என்ற நினைப்பில்தான் அவர் அதையெல்லாம் தாங்கிக்கொண்டிருந்தார். அண்ணி வந்து அதன்மேல் பழைய அச்சுத் தாளை வைத்துவிட்டார்.

ஆபரேட்டர் பென்சிலை எடுத்தார். தாளின் ஓரத்தில் ஏதோ பெருக்கிப் பார்த்தார். நோட்டைப் புரட்டினார். மறுபடி பெருக்கினார்.

“மேடம், இந்த ஊர் ரெண்டாயிரத்து முந்நூறு மீட்டர். உங்க கணக்குப்படி பதிமூணு சதவீதம் குறைக்கணும்.”

“ஆமா.”

“வேகத்துல எட்டு சதவீதம் குறைச்சா, பெட்டி மேல இருக்கற பாரம் ரெட்டிப்பாக் குறையுது. எனக்குப் பதினாறு வருது. எது சரி?”

அப்போது அவர் முகத்தில் பழைய தெளிவு பாதி திரும்பிவிட்டது என்கிறார் அண்ணி. தனக்கும் அந்த நொடியில்தான் மனசு லேசானது என்கிறார். இருவரும் சர்வீஸ்காரரைப் பார்த்தார்கள். அவர், தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

7

திரும்பி வந்ததும் அண்ணி தொழிற்சாலையின் சோதனைக்கூடத்துக்கு போன் போட்டார். இரண்டு நாள் விடாமல் துரத்திய பிறகு, அங்கிருந்த மூத்த இன்ஜினியர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: ஆயிரத்து எண்ணூறு மீட்டர் வரைதான் அளந்திருக்கிறார்கள். அதற்கு மேல் வரைபடத்தில் ஸ்கேலை வைத்துக் கோட்டை நீட்டியிருக்கிறார்கள். அதற்கு மேலே நிஜமாக அளந்தவர் யார் என்று கேட்டால், அவருக்குத் தெரிந்து யாரும் இல்லை.

“இருக்காரு,” என்றார் அண்ணி.

அதே கையோடு மேனேஜரிடம் பதிலை எழுதிக்கொண்டு போனார்: “பெட்டியில் குறை இல்லை. ஆபரேட்டரிடமும் குறை இல்லை. உயரத்தைப் பற்றிய குறிப்பை நான்காம் பதிப்பிலிருந்து நான் எடுத்தேன். அவர் ஓட்டியதுதான் சரியான வேகம்.”

மேனேஜர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “இதை இப்படியேவா அனுப்பணும்?”

“‘நான்’ங்கறது உறுத்தினா ‘எங்கள் நிறுவனம்’னு மாத்திக்குங்க. எடுக்கவே இல்லன்னு மட்டும் என்னால எழுத முடியாது.”

அவர் மாற்றிக்கொண்டார். கடிதம் போயிற்று. அண்ணியின் கோப்பில் ஓர் எச்சரிக்கை சேர்ந்தது. இனி ஒரு வரியை எடுப்பதென்றாலும் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். “நல்லதுதானே,” என்கிறார். ஆபரேட்டர்மீதான விசாரணையைக் கைவிட்டார்கள். கம்பெனி தன் பொறுப்பில் அடுத்த அளவுப் பெட்டியை, பெரியதை, அனுப்பி வைத்தது. அதில் பதினாறு சதவீதம் குறைத்தாலும் பம்பு ஐம்பதில் ஓடும். மேல்தெருவுக்கும் தினமும் தண்ணீர் வரும்.

இங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். வைத்தும்விட்டேன். அண்ணி அந்தப் புள்ளியைச் சுரண்டி எடுத்துவிட்டு, கீழே எழுதினார்: “இன்னும் முடியல.”

8

ஐந்தாம் பதிப்பு தயாராகிறது. ஏழாம் பக்கத்தின் அடிக்குறிப்பில் ஆபரேட்டரின் கணக்கைச் சேர்க்க வேண்டும் என்று அண்ணி ஒற்றைக்காலில் நின்று அனுமதி வாங்கிவிட்டார். நோட்டுகளைக் கேட்டு அவருக்கு எழுதினார். மார்ச் கடைசி வாரத்தில் பதில் வந்தது.

“மேடம், மே முதல் மார்ச் வரை பதினோரு மாதம் இருக்கிறது. ஏப்ரல் இல்லை. இங்கே அதிக வெயில் ஏப்ரலில்தான். அந்த மாதம் இல்லாமல் இந்தக் கணக்கை அச்சில் போடுவது தவறு. புதுப் பெட்டி வந்து, பிரிக்காமல் பம்பு அறையில் இருக்கிறது. அதை மாட்டிவிட்டால் பழைய பெட்டியைக் கழற்றி அனுப்ப வேண்டும் என்கிறார்கள். ஒரு மாதம் தள்ளிப் போடலாமா என்று யோசிக்கிறேன். உங்கள் கருத்து என்ன?”

அண்ணி இன்னும் பதில் போடவில்லை. என்னைக் கேட்டார். நான் எழுத்தாளனாயிற்றே, முடிவுகளுக்கா பஞ்சம்?

ஒன்று: அவர் உடனே புதுப் பெட்டியை மாட்டுகிறார். மேல்தெரு அன்று சாயங்காலமே குழாயடியில் கூடுகிறது. நோட்டு பதினோரு மாதத்தோடு நிற்கிறது. கையேட்டில் ஸ்கேல் வைத்து நீட்டிய கோடே இருக்கிறது.

இரண்டு: அவர் ஒரு மாதம் தள்ளிப் போடுகிறார். அந்த உயரத்தில் எங்கோ இன்னொரு ஊரில், இன்னொரு பம்பு அறையில் உட்கார்ந்திருக்கிற யாரோ ஒருவர் இதற்காகத் திட்டு வாங்க வேண்டியிருக்காது. அறுபது வீடு, அடிக்கிற வெயிலில், இன்னும் முப்பது நாள் குடம் தூக்குகிறது.

மூன்று: பகலில் பழையது, சாயங்காலம் புதியது என்று மாற்றி மாற்றி— இதற்கு அண்ணியின் சிவப்பு மை: “கழற்றி மாட்ட அது பல்ப் இல்ல.”

முந்தாநாள் ஆபரேட்டரே அண்ணிக்கு போன் பண்ணியிருக்கிறார். பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாராம். பெட்டி வந்து ஒரு வாரமாகியும் பிரிக்கவில்லை என்று தெருவில் யாரோ சொல்லி, அவர் மனைவி பம்பு அறைக்கே வந்துவிட்டார். வாசலில் நின்று மரப்பெட்டியைப் பார்த்தார். மேசைமேல் இருந்த நோட்டுகளை எடுத்து முதல் நோட்டிலிருந்து வரிசையாகப் புரட்டினார். கிழங்கு வேகாத நாளின் தேதியும் அதில் இருந்தது. கடைசி நோட்டின் கடைசிப் பக்கம் வரை வந்து, வெறுமையாக இருந்த கட்டங்களின் மேல் விரலை வைத்தார்.

“ஏப்ரல்ல முப்பது நாளா, முப்பத்தொண்ணா?”

“முப்பது.”

அந்தம்மா நோட்டை மூடி வைத்துவிட்டு ஏதோ சொல்லியிருக்கிறார். அது என்ன என்று கேட்பதற்குள் லைன் கட்டாகிவிட்டதாம். மறுபடி கூப்பிட்டுக் கேளுங்களேன் என்றேன். “புருஷன் பெண்டாட்டி பேசிக்கறதுல நமக்கென்ன?” என்றுவிட்டார் அண்ணி. அதனால் எனக்கும் தெரியாது. நான் எழுதிப் பார்த்த ஒன்பது வாக்கியத்தையும் அடித்துவிட்டேன். என் வீட்டில் குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. இதை எழுதுகிற தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

உங்கள் வீடு கீழ்த்தெருவா, மேல்தெருவா? கீழே இடம் விட்டிருக்கிறேன். பென்சிலிலேயே எழுதுங்கள்.

அந்தம்மா சொன்னது: “. . . . . . . . . . . . . . . . . . . . . . . .”